நட்பின் நிழலிலே நந்தன் கதை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்

மார்கழித் திருவாதிரை நாளில் ஆடலரசனாகிய நடராசப் பெருமானுக்கு அபிடேகம் நிறைவுற்று, திருவெம்பாவை ஓதி, தீபாராதனையும் கண்டபின்னர், தில்லைக்கூத்தன் மீதான தமிழ்க் கீர்த்தனைகளை அடியார்கள் பாடக் கேட்கின்றோம். பண்ணிசை பயின்ற பிள்ளைகளும் பாடுவர். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிமாரும் கேட்டுப் பழகிய வாயால் கூடவே பாடுவர். அவற்றுட் பல யார் இயற்றியவை என்பதை அறியாமலே பாடப்படுகின்றன. நந்தனாரின் ஏக்கத்தையும் கண்ணீரையும் இசையாக வடித்துத் தந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். பாரதியார் என்றவுடன் எட்டயபுரத்து மகாகவியையே எல்லோரும் நினைப்பர். அவர் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியவர் இவர்.

இவருக்கு மனைவி மக்கள் இல்லை. நிலபுலம் இல்லை. அரசவை வித்துவான் என்ற பட்டமும் இல்லை. முதுமையில் குரலும் அவரைக் கைவிட்டது. ஆயினும் அவர் பாடல்கள் நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அதற்கு முதற்காரணம் தில்லைப் பெருமானின் திருவருள். அடுத்த காரணம் அவருக்கு வாய்த்த நண்பர்கள். அந்த நண்பர்களில் மிராசுதாரும் இருந்தார், தமிழ்க் கடலாகிய புலவரும் இருந்தார், கத்தோலிக்க சமயத்தவரான நீதிபதியும் இருந்தார், பிரெஞ்சு அதிகாரியும் இருந்தார். இவர்களுள் ஒருவர் குறைந்திருந்தாலும் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இன்று நாம் அறிந்த உருவிலே கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

பாரதியார் 1811ஆம் ஆண்டளவில் சோழநாட்டில், நாகப்பட்டினத்துக்கு அண்மையிலுள்ள நரிமணம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் இராமசுவாமி பாரதி. பாட்டனார், முப்பாட்டனார் என வழிவழியாக இசைப் பயிற்சி உடைய குடும்பம் அது. முடிகொண்டான் என்னும் ஊரிலும் அக்குடும்பத்தார் வாழ்ந்தமையால் முடிகொண்டான் கோபாலகிருஷ்ண பாரதியார் என்றும் இவரை அழைப்பர். இளமையிலேயே ஆதரவை இழந்த இவர், பிறரை அண்டி வாழவேண்டிய நிலைக்கு வந்தார். மாயூரத்தில் இருந்த ஒரு துறவியிடம் வேதாந்தமும் யோகநெறியும் பயின்றார். இல்லற வாழ்விலே நாட்டம் கொள்ளாது, இறுதிவரை பிரமசாரியாகவே இருந்துவிட்டார். கற்ற வேதாந்தம் அவரை வாய்மூடி மௌனியாக்கவில்லை. பாட்டாகப் பெருகியது.

அக்காலத்து மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை, வெறும் ஊர் அன்று. காவிரிக்கரையில் மாயூரநாதர் ஆலயம். ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்குத் திரளும் கூட்டம். அண்மையில் திருவாவடுதுறை ஆதீனம். சுற்றிலும் ஆதீனக் கோயில்கள். கோயில் தோறும் நாதஸ்வரமும் தேவாரமும். நெல் விளையும் பூமியாகையால் உண்பதற்குக் குறைவில்லை. உண்டபின் பாட்டுக் கேட்க ஆவலுள்ள மிராசுதார்களும் ஊருக்கு ஊர் இருந்தனர். ஒரு வித்துவான் ஒரு திண்ணையில் அமர்ந்து பாடத் தொடங்கினால், பத்துப் பேர் கூடுவர். அந்தப் பத்துப் பேரிலே இரண்டு பேர் அவருக்குச் சமமான வித்துவான்களாக இருப்பர். இத்தகைய இடத்தில் இசை கற்பதற்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. பழக்கமே பள்ளிக்கூடம்.

பாரதியாரும் அப்படித்தான் கற்றார். திருவிடைமருதூரில் அப்போது தஞ்சை மராட்டிய அரச மரபைச் சேர்ந்த அமரசிம்மனின் குடும்பத்தார் வாழ்ந்தனர். அவர்கள் ஆதரவிலே பல வித்துவான்கள் இருந்தனர். கனமார்க்கம் என்னும் அரிய முறையிலே பாடிப் புகழ்பெற்ற கனம் கிருஷ்ணையர் அங்கே இருந்தவர்களுள் ஒருவர். இராமதாஸ் என்னும் இந்துஸ்தானி இசை வல்லுநரும் இருந்தார். பாரதியார் அங்கே சென்று, அவ்வித்துவான்களுடன் பழகி, இந்துஸ்தானி இசையின் நுட்பங்களை இராமதாசரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வடநாட்டு இசையைக் கேட்டதனால் தென்னாட்டு இசையை அவர் மறந்துவிடவில்லை. எந்த மெட்டு எந்த உணர்ச்சிக்குப் பொருந்தும் என்று நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் கைகூடியது போலும்.

மாயூரத்திலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் ஆனந்ததாண்டவபுரம் என்று ஓர் ஊர் உண்டு. ஊரின் பெயரே கூத்தப்பெருமானின் திருநடனத்தை நினைவூட்டுவது. அவ்வூரில் அண்ணுவையர் என்னும் மிராசுதார் இருந்தார். இசையிலே பேரன்புடையவர். பாரதியாரின் அறிவையும் தனிமையையும் கண்ட அவர், தம் வீட்டிலேயே இருத்தி ஆதரித்தார். உணவும் உறைவிடமும் தந்தார் என்று சொல்வதோடு நிறுத்தினால் அது அரைக்கதை. பாடுவதற்கு அவகாசமும், கேட்பதற்குச் செவியும் தந்தார் என்பதே முழுக்கதை. பாடகனுக்குச் சோற்றைவிட அரியது நல்ல செவி. ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்த காலத்திலே பாரதியாரின் பெயர் சுற்றூர்களில் பரவியது. பாகவதர்கள் வந்து தமக்கு ஏற்ற பாடல்களைக் கேட்டு வாங்கிச் சென்றனர். கேட்டவர்க்கு இல்லையென்னாது பாடிக் கொடுப்பது அவர் இயல்பாயிற்று.

இக்காலத்திலே அவர் திருவையாறு சென்று தியாகராச சுவாமிகளைத் தரிசித்த வரலாறு இசையுலகில் பெரிதும் போற்றப்படுவது. தியாகராசர் 1847இல் சமாதியடைந்தவர். ஆதலால் அது அதற்கு முற்பட்ட நிகழ்ச்சி. பாரதியார் சென்றபோது சுவாமிகளின் மாணவர்கள் ஆபோகி இராகத்தில் அமைந்த ஒரு தெலுங்குக் கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தனர். மாயூரத்திலிருந்து வந்தவர் என்பதை அறிந்த சுவாமிகள், அப்பக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதி என்று ஒருவர் இருக்கிறாராமே, தெரியுமா என விசாரித்தார். எதிரே நிற்பவரே அவர் என்று தெரிந்ததும் மகிழ்ந்து உபசரித்து, ஆபோகியில் அவர் ஏதேனும் பாடியுள்ளாரா என்றும் கேட்டார். பாரதியார் அப்போது விடை சொல்லவில்லை. தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பி, தில்லைச் சபாபதிக்கு நிகரான தெய்வம் வேறில்லை என்னும் கருத்தமைந்த ஒரு கீர்த்தனையை அதே ஆபோகியில் இயற்றி, மறுபடி வந்து பாடிக் காட்டினார். சுவாமிகள் கேட்டுப் பாராட்டினார்.

ஒருவர் இராம பக்தர், மற்றவர் நடராச பக்தர். ஒருவர் பாடியது தெலுங்கு, மற்றவர் பாடியது தமிழ். அந்தச் சந்திப்பிலே போட்டி இருந்தது என்று சிலர் கதையை வளர்த்துச் சொல்வர். மூத்தவர் ஒருவர் இளையவரின் பெயரை ஏற்கெனவே அறிந்து வைத்திருந்து விசாரித்தார் என்பதை நோக்கினால், அங்கே இருந்தது அன்பே எனக் கொள்ளலாம். அந்த ஆபோகிக் கீர்த்தனை இன்றும் கச்சேரி மேடைகளில் பாடப்படுகிறது.

பாரதியார் நாயன்மார் சரித்திரங்கள் சிலவற்றைக் கீர்த்தனைகளாகப் பாடினார். திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்கால் அம்மையார் ஆகியோர் சரித்திரங்கள் அவற்றுட் சில. எனினும் நந்தனார் சரித்திரமே அவர் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. சேக்கிழார் சுவாமிகள் திருத்தொண்டர் புராணத்தில் திருநாளைப்போவார் என்று போற்றும் நாயனாரே நந்தனார். ஆதனூரிலே தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்து, கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழ் வீணைகளுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர். திருப்புன்கூரிலே வாயிலுக்கு வெளியே நின்று சிவலோகநாதரைத் தரிசிக்க முயன்றபோது, இறைவன் நந்தியை விலகச் செய்து காட்சி கொடுத்தான். சிதம்பரம் போகவேண்டுமென்ற ஆசை நாளுக்கு நாள் வளர, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அப்பெயர் பெற்றார். புரட்டாசி உரோகிணியில் ஆலயங்கள் அவரது குருபூசையைக் கொண்டாடுகின்றன.

சேக்கிழார் சொல்லும் கதை சுருக்கமானது. அதிலே நந்தனாரைத் தடுத்து நிறுத்தும் மனிதர் எவரும் இல்லை. தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கி நிற்கின்றார். பாரதியார் இவ்விடத்திலே ஒரு பாத்திரத்தைப் புதிதாகப் படைத்தார். நந்தனார் யாருடைய வயலிலே பண்ணையாளாக உழைத்தாரோ, அந்த நிலவுடைமையாளராகிய வேதியரே அவர். சிதம்பரம் செல்ல விடைகேட்கும் நந்தனை அவர் வைகிறார், மிரட்டுகிறார், இறுதியிலே நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார். மனிதரால் ஒரே இரவில் முடியாத அவ்வேலையை இறைவன் முடித்துக் கொடுக்கிறான். விளைந்து நிற்கும் வயலைக் கண்ட வேதியர் நடுங்கி, அடியாரின் பெருமையை உணர்ந்து, அவர் காலிலே விழுகிறார்.

இந்த நாற்பது வேலிக் கதை பெரிய புராணத்தில் உள்ளதென்றே பலர் இன்றும் நம்புகின்றனர். அது பாரதியாரின் கற்பனை. ஆனால் வெறுங் கற்பனை என்று தள்ளிவிடவும் இயலாது. திருப்புன்கூர் ஆனந்ததாண்டவபுரத்துக்கு அயலூர் போன்றது. சிதம்பரம் ஒரு நாள் நடைத்தூரம். நந்தனார் நடந்த மண்ணிலேயே பாரதியாரும் நடந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அந்த வயல்களிலே பண்ணையாட்கள் இருந்தனர். விடை கேளாமல் ஊரைவிட்டுப் போக முடியாதவர்களாகவே இருந்தனர். மிராசுதார் ஒருவரின் அன்பிலே வளர்ந்தவர், அந்தண குலத்திற் பிறந்தவர், அந்தண மிராசுதாரைக் கொடியவராகக் காட்டிப் பாடினார். அதைக் கேட்டு அவரை ஆதரித்தோர் கைவிடவில்லை. அதே மிராசுதார்களின் வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் அக்கதை பாடப்பட்டது. பாடியவரின் துணிவைப் போலவே, கேட்டுக்கொண்டவர்களின் மனமும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஈழத்திலும் சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957இல்தான் நிறைவேறியது. அதன் பின்னரும் ஆலயக் கதவுகள் எல்லோருக்கும் திறப்பதற்கு 1960களில் போராட்டங்கள் வேண்டியிருந்தன. அவற்றுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, கோயில் வாயிலின் வெளியே நிற்பவரின் நெஞ்சம் எப்படித் துடிக்கும் என்பதைப் பாட்டிலே கேட்கச் செய்தவர் பாரதியார்.

அவர் எடுத்துக்கொண்ட பாட்டு வகைகளும் கருதத்தக்கன. பெரிய இராகங்களிலே அமைந்த கீர்த்தனைகளோடு, நொண்டிச் சிந்து, கும்மி, விருத்தம், தண்டகம், இருசொல் அலங்காரம் என ஊர்மக்களுக்குப் பழகிய உருவங்களையும் கலந்து வைத்தார். வேதியர் அதட்டும் இடத்துக்கு ஒரு நடை, நந்தன் கெஞ்சும் இடத்துக்கு ஒரு நடை. சங்கீதம் தெரிந்தவர் மாஞ்சி இராகத்தின் உருக்கத்திலே கரைவார். தெரியாதவர் சிந்தின் தாளத்திலே தலையசைப்பார். ஒரே கதாப்பிரசங்கத்தில் இருவரும் அருகருகே அமர்ந்திருக்கலாம்.

நாகப்பட்டினத்தில் வணிகர்களின் ஆதரவோடு அவர் இந்தச் சரித்திரத்தைப் பாடியபோது பெருங்கூட்டம் கூடியது. அண்மையிலுள்ள காரைக்கால் அக்காலத்தில் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. அங்கே சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரி, நந்தனார் பாடல்களிலே மனத்தைப் பறிகொடுத்தார். பலரும் பாடல்களை ஏட்டிலும் காகிதத்திலும் எழுதிக்கொண்டு போவதால் பிழைகள் மலிவதைக் கண்டு, நூலாக அச்சிடுவதே தக்கதென்று முன்வந்தார். இவ்வாறு 1861ஆம் ஆண்டளவில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது. கடல்கடந்து வந்த ஒருவர், மொழியும் சமயமும் வேறானவர், சிதம்பரத்துக் கதை ஒன்று அழிந்துவிடக்கூடாதென்று கவலைப்பட்டார்.

அச்சாவதற்கு முன்னர் ஒரு தடை இருந்தது. அக்காலத்திலே நூல் ஒன்று வெளிவருவதாயின் பெரும்புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் வேண்டும். மாயூரத்தில் அப்போது மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளுமாக எண்ணற்ற நூல்களைப் பாடிய பெருமகன். அவரிடம் பாரதியார் சென்று பாயிரம் கேட்டார். பிள்ளையவர்கள் தயங்கினார்கள். கீர்த்தனைகளிலே இலக்கண வழுக்கள் இருந்தன. பேச்சுவழக்குச் சொற்கள் மலிந்திருந்தன. கதைப்போக்கும் சேக்கிழார் காட்டிய வழியிலிருந்து விலகியிருந்தது. திருத்தொண்டர் புராணத்தை உயிராகப் போற்றிய ஒருவருக்கு அது எளிதிலே ஒப்புக்கொள்ளக்கூடியதாக இருக்கவில்லை. பகைமை ஏதுமில்லை, எழுத மனம் வரவில்லை. நேரே மறுக்கவும் மனமில்லாமையால் நாளை தருவோம், பின்னர் தருவோம் என்று நாட்கள் கடந்தன.

நாளைப்போவாரின் கதைக்குப் பாயிரமும் நாளைக்கு நாளையாகத் தள்ளிப் போயிற்று. பாரதியார் கோபித்துக்கொள்ளவில்லை. மீண்டும் மீண்டும் சென்றார். ஒருநாள் பிற்பகலில் பிள்ளையவர்கள் உண்டு களைப்பாறிக்கொண்டிருந்த வேளையில் போய்ச் சேர்ந்தார். எழுப்பாமல் திண்ணையிலே அமர்ந்து, நந்தனாரின் ஏக்கத்தைச் சொல்லும் பாடல்களைத் தமக்குள்ளேயே பாடத் தொடங்கினார். தூக்கம் கலைந்த பிள்ளையவர்கள் அப்பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இலக்கணம் பார்க்கும் புலவர் மறைந்து, சிவனடியார் மட்டும் எஞ்சி நின்றார். கண்ணீர் பெருக வெளியே வந்து, இதுவரை தாமதித்ததற்கு வருந்தி, சிறப்புப்பாயிரச் செய்யுளை அளித்தார்கள்.

பாட்டில் வழு இல்லையென்று பிள்ளையவர்கள் முடிவுக்கு வந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை. வழுக்கள் அப்படியே இருந்தன. அவற்றைத் தாண்டிய ஒன்று அப்பாட்டிலே இருக்கக் கண்டார்கள், அவ்வளவே. பெரும்புலமை உடையவர் தம் முதல் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, அதை எழுத்திலும் தந்துவிடுவது எளிய செயலன்று. அந்த ஊர்ச் சூழலில் பாரதியாருக்குக் கிடைத்த மதிப்புகளுள் இதற்கு ஈடானது வேறில்லை.

இசைக்கும் புலமைக்கும் இடையிலிருந்த பிணக்கு இத்துடன் ஒழிந்துவிடவும் இல்லை. 1871இல் உத்தமதானபுரம் சாமிநாதையர் பதினாறு வயதுப் பிள்ளையாக, மகாவித்துவானிடம் தமிழ் கற்க மாயூரம் வந்தார். பின்னாளில் ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சங்க நூல்களை வாழவைத்த தமிழ்த் தாத்தா இவரே. அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். அவ்வழியாகப் பாரதியாரையும் அறிந்தவர். ஆதலால் மகனை மாயூரத்திலிருந்த பாரதியாரிடமும் இசை கற்க ஏற்பாடு செய்தார். பாரதியார் அப்போது அறுபதை எட்டியிருந்தார். குரல் வளம் குன்றியிருந்தது. பிடில் வாசித்து அதிலே தம் மனம் விரும்பிய இசையைக் கேட்டு மகிழ்ந்துவந்தார். புகழ்பெற்ற நந்தனார் கீர்த்தனையைப் பாடியவர் இவரா என்று புதிதாகக் காண்போர் வியக்கும்படி எளிய தோற்றத்தோடு இருந்தார். பழைய சிநேகத்தை மதித்து, அந்தப் பிள்ளைக்கு அன்போடு கீர்த்தனைகளைச் சொல்லிக் கொடுத்தார்.

சில நாட்களின் பின்னர் இச்செய்தி பிள்ளையவர்களுக்கு எட்டியது. சங்கீதத்திலே மனம் பதிந்துவிட்டால் இலக்கண இலக்கியங்களிலே கருத்துச் செல்லாது என்பது அவர்களின் உறுதியான எண்ணம். அதை அறிந்த மாணவர் பாரதியாரிடம் செல்வதை நிறுத்திக்கொண்டார். பாரதியாருக்கு இது வருத்தமளித்திருக்கலாம். ஆயினும் எவர்மீதும் அவர் குறை கூறிக்கொண்டு திரிந்ததாக வரலாறு இல்லை. அந்தப் பழக்கம் முறிந்துபோனதாகவும் முடியவில்லை. பாரதியாரின் வாழ்க்கையைப் பிற்காலத்தில் விரிவாக எழுதி வைத்தவர் அந்த மாணவரே. இன்று பாரதியாரைப் பற்றி உலகம் அறிந்தவற்றிற் பெரும்பகுதி சாமிநாதையர் எழுதியவற்றால் அறிந்ததே.

பாரதியாரின் நண்பர்களுள் மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்குத் தனியிடம் உண்டு. 1826இல் திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள குளத்தூரிலே பிறந்தவர், கத்தோலிக்கர். மாயூரத்திலே முனிசீப்பாக நீதி வழங்கியவர். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்பதனால் பாடசாலைப் பிள்ளைகளும் அவர் பெயரை அறிவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர் மீது குளத்துக் கோவை என்னும் நூலையே பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவருக்கு உற்ற நண்பர். சைவ ஆதீனத் தலைவரும், சைவப் பெரும்புலவரும், கிறிஸ்தவ நீதிபதியும், வேதாந்தியாகிய பாடகரும் ஒரே வட்டத்திலே பழகினர். ஒருவர் தம் சமயத்தை விட்டுக்கொடுத்ததும் இல்லை, மற்றவரை மாற்ற முயன்றதும் இல்லை.

வேதநாயகம் பிள்ளைக்கு இசையிலும் மிகுந்த ஈடுபாடு. சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் என்னும் அவரது நூல் 1878இல் வெளிவந்தது. எச்சமயத்தாரும் பாடத்தக்கவாறு கடவுளைப் பொதுவாகப் போற்றிய பாடல்கள் அவை. எளிய தமிழ், பழகிய மெட்டு, நேரே இறைவனோடு பேசுவது போன்ற நடை ஆகியவற்றை அவற்றிலே காணலாம். பாரதியாரின் கீர்த்தனைகள் ஒலித்துக்கொண்டிருந்த ஊரிலிருந்து அவை பிறந்தன என்பது கேட்டவுடன் விளங்கும்.

1876ஆம் ஆண்டு, தாது வருஷம், தென்னாட்டைப் பெரும் பஞ்சம் பிடித்தது. 1878வரை அது நீடித்தது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னாலே பழையவர்கள் நடுங்குவர். காவிரி பாயும் நாட்டிலும் மக்கள் கஞ்சிக்கு அலைந்தனர். அந்நாட்களில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளை எண்ணிப் பாராது செலவிட்டு, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். மக்களின் துயரைச் சொல்லி இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளையும் பாடினார். சாதி சமயம் கேளாது நடந்த அந்த அன்னதானத்தைப் பாரதியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாரதியார் வாழ்நாளெல்லாம் பாடியது சிவனையும் சிவனடியாரையுமே. செல்வரைப் புகழ்ந்து பாடிப் பரிசில் பெறுவதை அவர் தொழிலாகக் கொண்டவர் அல்லர். அப்படிப்பட்டவர், பஞ்ச காலத்திலே வேதநாயகம் பிள்ளை செய்த தருமத்தைக் கண்டு, அவரை மேருமலைக்கு ஒப்பிட்டு ஒரு கீர்த்தனை பாடினார். சிவபக்தர் ஒருவர் கிறிஸ்தவர் ஒருவரைப் போற்றிய அப்பாட்டு, பரிசு கருதிப் பிறந்ததன்று. இருவரும் ஒரே ஊரில் ஒரே பசியைக் கண்டவர்கள். ஒருவரிடம் பொருள் இருந்தது, கொடுத்தார். மற்றவரிடம் பாட்டு இருந்தது, அதைக் கொடுத்தார்.

மகாவித்துவான் 1876இலேயே சிவபதம் அடைந்துவிட்டார்கள். பாரதியார் மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். எளிய உணவு, தியானம், கேட்டு வருவோருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தல் என்று அவர் நாட்கள் கழிந்தன. மகா சிவராத்திரி நாளொன்றிலே அவர் இறைவன் திருவடி சேர்ந்தார் என்பர்.

அவர் குரல் அடங்கியபின் வேறு குரல்கள் அவர் பாட்டை எடுத்துக்கொண்டன. தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் நந்தனார் சரித்திரத்தை ஹரிகதையாகச் செய்து ஊரூராகப் புகழ்பரப்பினார். எட்டயபுரத்துப் பாரதியார், அன்னியர் ஆட்சியைச் சாடும் பாடல்கள் சிலவற்றை நந்தனார் கீர்த்தனை மெட்டுகளிலேயே அமைத்தார். விடைகேட்டு நிற்கும் அடிமையின் மெட்டு, விடுதலை கேட்கும் நாட்டுக்கும் பொருந்தியது. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகக் கல்விக்கழகம் ஒன்றைத் தொடங்கியபோது நந்தனாரின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரைப்படங்களில் நடித்துப் பாடினர்.

ஈழத்தவர்க்குச் சிதம்பரம் என்றும் அயலூர் போன்றது. முன்னாளில் தோணியேறிச் சென்று திருவாதிரை கண்டு மீண்டவர் பலர். ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அக்கரையிலிருந்து வந்த நாடகக் குழுக்களோடு நந்தனார் கதையும் யாழ்ப்பாணத்துக் கொட்டகைகளுக்கு வந்தது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து வசந்தகான சபா மூலம் இசை நாடகங்களைக் கோயில் வீதிகளிலே ஆடினார். மயான காண்டத்து அரிச்சந்திரனாகவே அவரைப் பலர் நினைவு கூர்வர். பக்த நந்தனாராகவும் அவர் ஆடினார். 1989இல் அவர் மறைந்தார். ஆலயத் திருவிழா இரவுகளிலே வீதியில் பாய் விரித்து அமர்ந்து அவர் நந்தனாகப் பாடக் கேட்டவர்கள், வேதியரிடம் விடைகேட்கும் கட்டத்துப் பாடல்களை வரி தவறாமல் பேரப்பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டினர்.